ரிலே இன்னும் வரவில்லை

பட்டறையில் அவரைக் கரண்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு வயரிங் பார்த்தே தலை நரைத்தவர். வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பார். முன்பல் ஒன்று பாதியாகத் தேய்ந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். அதனால் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரிலே இன்னும் வரலம்மா."

மருமகள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மகன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அதற்குச் சற்று முன்னால்தான் தன் பைக்கின் இண்டிகேட்டர்களை எல்இடியாக மாற்றியிருந்தான். அன்றிலிருந்து அவை படபடவென்று அடித்துக்கொண்டன. எல்இடி இழுக்கும் கரண்ட் சொற்பம். விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ரிலே, பல்பு ஒன்று செத்துவிட்டதென்று நினைத்துப் பதறும். எல்இடிக்கென்று இருக்கும் ரிலேயைச் செருகினால் தீர்ந்தது. "ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்பா" என்றிருந்தான்.

இப்போது மருமகளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்திருந்தது. பைக்கிலேயே போகப்போகிறாள்.

"இண்டிகேட்டர் மட்டும் சரி பண்ணிக் குடுங்க மாமா. பின்னாடி வர்றவங்க குழம்பிப்போறாங்க."

அவள் போனால் பைக்கும் போகும். பிறகு சமையலறையில் இரண்டு கிழங்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மெல்லும் சத்தத்தை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். "வரலைன்னே சொல்லிட்டிருங்க" என்று அவர் மனைவி அடுப்பைப் பார்த்தபடி சொல்லியிருந்தாள்.

"ஏன் கரண்ட்டு, பொய்தான் சொல்றே, கொஞ்சம் பெரிசாச் சொல்லக் கூடாதா? எதிர்க்கடையில ரிலே கொட்டிக் கிடக்குதேய்யா" என்றார் முதலாளி.

"உன் வாய்க்கு ஒரு ப்யூஸ் போடணும்."

ஒரு மத்தியானம் மருமகளே பைக்கில் பட்டறைக்கு வந்து இறங்கினாள். கையில் சின்ன அட்டைப்பெட்டி.

"எதிர்க்கடையிலேயே இருந்துச்சு மாமா."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சற்று சுலபமாக இருந்திருக்கும்.

சீட்டைக் கழற்றிப் பழைய ரிலேயை உருவினார். அதை எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். புதியது அப்படியில்லை. பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு ஒரு முனை, விளக்குக்குப் போகும் வயருக்கு ஒரு முனை. இடம் மாறக் கூடாது. தெரிந்தேதான் அவர் விரல்கள் மாற்றிச் செருகின. சுவிட்சைத் தள்ளினார். ஒன்றும் எரியவில்லை.

"பீஸ் சரியில்லம்மா. வேற வரவழைக்கணும்."

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். முதலாளிக்குக் கேட்காதபடி தணிந்து பேசினாள்.

"வயர் மாறியிருக்கு மாமா. ஃப்ரெண்டு வண்டியில அவரும் ஒருதரம் இப்படித்தான் மாத்திப் போட்டுட்டாரு. நான்தான் டார்ச் பிடிச்சேன். எரியலைன்னதும் திருதிருன்னு முழிச்சாரு. அப்பாகிட்ட சொல்லிடாத, மானம் போயிடும்னாரு."

அவர் கை அப்படியே நின்றது. இது அவருக்குத் தெரியாத மகன்.

"கழுதை. எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"திட்டுவீங்கன்னுதான்."

திட்டத்தான் திட்டியிருப்பார். வயர்களை உருவி இடம் மாற்றிச் செருகினார். இண்டிகேட்டர் நிதானமாக எரிந்து அணைந்தது. படபடப்பு போயே போய்விட்டது. அதைப் பார்க்க அவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"லீவுக்கு வருவியாம்மா?"

அவள் சீட்டின் தூசியைத் தட்டினாள். "பாக்கறேன் மாமா."

ஞாயிற்றுக்கிழமை, இருட்டு பிரியும் முன்பே கிளம்பினாள். மனைவி கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"வரலைன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"சொன்னேன்."

தெருமுனையில் பைக் இடது பக்கம் திரும்பியது. அது மறைந்த பிறகும் எதிர்ச்சுவரில் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அவள் அணைக்க மறந்துவிட்டாளோ என்று அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். வெளிச்சம் நின்றுவிட்டது.