கன்னி மூலையில் ஒரு காற்றாடி

மாதாப்பூரில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர்: என் மகன், மருமகள், நான். அவர்கள் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. எனக்குத் தெலுங்கு தெரியாது. பழகாதவர் எதிரில் தமிழும் வராது. ஆனாலும் சாயங்காலமானால் எங்கள் வாசலில் ஆள் நிற்கும். தோசை மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஆபீஸ் விட்டுப் போகிற வழியில் வாங்கிப் போவார்கள். "புளிக்கலையேம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், நான் ஒரு வார்த்தை சொல்வேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு கோடையில் கரண்ட் பில் கன்னாபின்னாவென்று ஏறியது. மகன் பில்லும் கையுமாக கிரைண்டர் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, போதும். இத வித்துரலாம். நாங்க ரெண்டு பேரு சம்பாதிக்கறமல்ல, நீங்க எதுக்கு மாவாட்டோணும்?"

நான் கிரைண்டர் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள்தான் பேசினாள். அவள் படித்தது எலெக்ட்ரிகல், பார்ப்பது வேறு வேலை. படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லையே என்ற குறை அவளுக்கு எப்போதும் உண்டு.

"கிரைண்டர் மட்டுமா இழுக்குது? கரண்ட் போயிப் போயி வருது, இன்வர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறவே பாதி போயிருது. அதக் காத்துல ஏத்திக்கலாமுங்க. ரெண்டு மாசம் குடுங்க. அப்பவும் பில்லு குறையலீன்னா அத்தை கிரைண்டர வித்துக்கலாம்."

"காத்துலயா? இதென்ன காத்தாலை நிக்கற உடுமலைப்பேட்டையா?" என்று மகன் சிரித்தான்.

உடம்பு இளைக்க வாங்கிய ட்ரெட்மில் எங்கள் வீட்டில் துணி காயப்போடத்தான் உதவிக்கொண்டிருந்தது. மருமகள் அதன் மோட்டாரைக் கழற்றினாள். காற்றில் சுற்றவிட்டால் அதுவே கரண்ட் தருமாம். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கை செய்தோம். அவள் கோடு போடுவாள், நான் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பேன். வாலுக்கு என் எண்ணெய் டின்னை வெட்டினோம்.

வயர் மிச்சமாகும் என்று மகன் மாடிப்படியை ஒட்டிய மூலையில் கம்பத்தை நட்டான். அது வடகிழக்கு. ஆனிக் காற்று வந்தும் காற்றாடி நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். ஒரு மாதம் வீணாய்ப் போனது. "மாமியாளும் மருமகளும் பம்பரம் விடறாங்க" என்று மகன் கேலி பேசினான்.

ஒரு பகலில் வீட்டுக்கார அம்மா மொட்டைமாடிக்கு வந்தார். கம்பத்தைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈசான்யம்லோ வத்து அம்மா, வத்து!" வடகிழக்கில் உயரமாக எதுவும் நிற்கக் கூடாதாம். எதிரே தண்ணீர் டேங்க் இருக்கும் தென்மேற்குக் கன்னி மூலையைக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அங்கே மாற்று, இல்லாவிட்டால் எடுத்துவிடு என்கிறார் என்று புரிந்தது. மறுத்துப் பேச எனக்கு ஏது வாய்? தலையாட்டி அனுப்பினேன்.

மாலையில் மகன் குதித்தான். "வாஸ்து பாத்தாக் கரண்ட் வருமா? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சிருந்தா, கிரைண்டர விக்கறேன்னு நீ சொன்னப்பவே சொல்லியிருக்க மாட்டனா?"

எப்படியோ வாயில் வந்துவிட்டது. மருமகள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தைப் பிடுங்கி, டேங்க் தூணோடு சேர்த்து, டேங்குக்கு மேலே தலை நீட்டும்படி கட்டினோம். மகன் கீழே இறங்கக்கூட இல்லை, இறக்கை விர்ரென்று பிடித்துக்கொண்டது. அந்த மாதங்களில் அங்கே காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்துதான் அடிக்கும். இத்தனை நாளும் டேங்கும் படிக்கட்டு அறையும் அதை மறைத்திருக்கின்றன. மருமகள் மீட்டரை வைத்துப் பார்த்து, "ஏறுது அத்தை, ஏறுது!" என்று மொட்டைமாடியிலேயே குதித்தாள். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்பதுபோல விரலை ஆட்டினார். நான் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த பில் வந்தது. மகன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மழைக்கு ஃபேன் ஓடலீல்ல, அதான் குறைஞ்சிருக்குது."

"போன வருசம் இதே மாசத்துப் பில்லுங்க" என்று மருமகள் அவன் மூக்கின் முன்னால் நீட்டினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"சரி, கிரைண்டர் இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

"இருந்துட்டுப் போறதென்ன கண்ணு, இருக்கும்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு ஒரு படி அரிசி கூடுதலாக ஊறப்போட்டேன்.