கலாவின் முறுக்குப் பாக்கெட்

இன்று ரவாங்கில் ஒரு மினிமார்க்கெட்டில், ஒரு ரேக் முழுக்கக் கலாவின் முறுக்குப் பாக்கெட்டுகள்.

சிறு வியாபாரிகளுக்கான பயிற்சிக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். மாவு பிழியும் மெஷின் உதவியாகக் கிடைத்தது அவளுக்கு மட்டும்.

வயிறு எரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் பாக்கெட்டுகளைப் பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

"அக்கா!"

திரும்பினால் கலா.

"அடுக்கி வெக்கிறீங்களாக்கா? நல்லதாப் போச்சு. ஒங்க அதிரசத்தப் பத்தி மொதலாளிகிட்ட பேசிட்டேன். இந்த ரேக்குல பாதிய ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன் லா."

எல்லாவற்றையும் மறுபடி முன்னால் எடுத்து வைத்தேன். நன்றியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. மெஷினும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கே. எனக்கென்று எதையாவது விட்டுவைத்தாளா, நீங்களே சொல்லுங்கள்.