பீட்ரூட் சிவப்பு

என் வீட்டுக்காரர் திருமலைச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பூம்பாறையில் பூண்டு போடுகிறோம். இந்த வருடம் புதிதாகப் பீட்ரூட்டும் போட்டோம். குளிரில் தாகமே எடுக்கவில்லை என்று நாள் முழுக்க ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கக்கூசுக்குப் போனால் அரை மணி நேரம் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூலம் என்றார். ஊரே வைத்தியம் சொன்னது. உடம்புச் சூடு என்றார் ஒருவர். ஸ்வெட்டருக்குள் நடுங்குகிற மனுஷனுக்கு ஏது சூடு? ஒருவர் பூண்டை விடச் சொன்னார், இன்னொருவர் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. கிராம நர்ஸ் புவனாதான் நிறையத் தண்ணீர், கீரை, பழம் என்றாள். முக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பு நனைய உட்கார வேண்டும் என்றாள். எரிச்சல் குறைந்தது.

வைகாசியில் பீட்ரூட் பிடுங்கினோம். அந்தக் காயைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், தினமும் கேட்டு வாங்கித் தின்றார். ஆனியில் ஒருநாள் கக்கூசில் சிவப்பைப் பார்த்துப் பதறிப்போனேன்.

"பீட்ரூட்டு புள்ள," என்றார்.

அதைத் தின்றால் சிவப்பாகப் போகும்தான். ஆனால் இது காயா, ரத்தமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புவனாவிடம் ஓடினேன்.

"நாலு நாளு பீட்ரூட்ட நிறுத்துங்கக்கா. அப்பவும் செவப்பாப் போனா டாக்டரப் பாத்துரணும். இந்த வயசுல மூலந்தான்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது."

நிறுத்தினேன். ஐந்தாம் நாளும் சிவப்பு.

"காட்டுல ஒண்ணு பச்சையாத் தின்னேன், இப்பத்தான்," என்றார்.

"நாக்க நீட்டுங்க."

நீட்டினார். பீட்ரூட் கடித்த நாக்கா அது? வெளுத்துக் கிடந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு.

"பெருசா ஏதாச்சும் சொல்லிருவாங்களோன்னு பயமாக் கெடக்கு," என்றார்.

மறுநாள் வெள்ளனே கொடைக்கானல் பஸ் ஏறினோம். டாக்டரம்மா பார்த்தார். மூலம் இருக்கிறதாம், ரத்தம் அதிலிருந்துதான் வருகிறதா என்பது குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தை மாசத்துலருந்துங்க."

நாங்கள் பீட்ரூட்டுக்கு விதை போட்டதே மாசியில்தான்.