கம்ப்யூட்டருக்குப் பூ கேட்ட கதை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது மாரியாத்தாள். இதைச் சொன்னால் என் ஆபீஸில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இவர்கள் கூட்டம் போட்டு, விவாதம் நடத்தி மாற்றுகிற சிஸ்டமெல்லாம் அடிக்கடி படுத்துக்கொள்கிறது. ஆத்தாள் சொல்லி மாற்றியது நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ஓடியது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மிளகையும் மரவள்ளியையும் விட்டால் வேறு உலகம் கிடையாது. வீட்டின் முன்னறையைத் தன் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அத்தை கல்யாணமாகிக் கீழே ராசிபுரத்துப் பக்கம் போனவள். கல்யாணமாகிப் போன அதே வருஷம் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. கேட்டால் தோசைக்கல் பட்டுவிட்டது என்பாள். நானும் நம்பினேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் தோசைக்கல் பக்கமே நான் போகவில்லை.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து, பலாப்பழம் ஏற்ற வந்த லாரியில் மலைக்குக் கொண்டுவந்தாள். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று எதற்கு விண்ணப்பம் போடுவதானாலும் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எங்கள் முன்னறைக்கு வர ஆரம்பித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு கீழே போய்வருவதற்கு இது எவ்வளவோ மேல். அத்தை கீபோர்டைத் தட்டுகிற வேகத்தைப் பார்க்கவே சிலர் காரியமில்லாமலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் ஆடி பிறந்த சமயத்தில்தான் சனியன் பிடித்தது. விண்ணப்பம் போடுகிற பக்கத்தைத் திறந்தால், உங்கள் சிஸ்டம் பழையது, இதில் திறக்காது என்று வந்து நின்றது. அத்தை என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்கள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். அதே வாரத்தில் ராசிபுரத்திலிருந்தும் சேதி வந்தது. ஆடி கழிந்ததும் வந்து பெண்ணை அழைத்துப்போகிறோம், தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று.

அப்பா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். "கடை ஓடுனா நாலு பேருக்குப் பதில் சொல்லலாம் அம்மிணி. அதுவும் நின்னுபோச்சுன்னா எதைச் சொல்லி உன்னை இங்க வெச்சுக்கறது?" என்று அத்தையிடம் கேட்டதை நான் கதவோரம் நின்று கேட்டேன். அத்தை போய்விட்டால் யார் எனக்குத் தலை பின்னுவது? அம்மா பின்னினால் மண்டைத் தோலே பிய்ந்துவிடும்.

அத்தை கீழேயிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் வளைவுகளில் பட்ட பாட்டில் முகம் வெளுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து பார்த்தார், தூசியை ஊதினார், யோசித்தார். புது ஓ.எஸ். போட்டால் எல்லாம் திறக்கும், ஆனால் இந்தப் பழைய உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது, தாங்காவிட்டால் மறுபடி எழுந்திருக்கவே செய்யாது என்றார்.

ஓ.எஸ். என்றால் என்ன என்று அப்பா கேட்டார். அங்கேதான் அந்த மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "உசுருன்னு வெச்சுக்குங்களேன். உடம்பு இதேதானுங்க. பழைய உசுரை எடுத்துட்டு, புது உசுரை வெக்கறோம்" என்றார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உசுரை எடுத்து உசுரை வெக்கறீங்களா? ஏனுங்க, ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதை எப்படிங்க செய்யறது?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. தினை விதைக்கவும், பெண் எடுக்கவும் பூ கேட்கிற ஊர் எங்களுடையது. அரைகுறையாகவாவது ஓடுகிறதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அப்பாவின் எண்ணம். ஆத்தாளும் தன் கட்சிதான் என்று அவருக்கு அசாத்திய நம்பிக்கை.

பூ கேட்பது இப்படி. பூசாரி வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து ஆத்தாள் காலடியில் போடுவார். கேட்கிறவர் வாய் திறக்கக் கூடாது, மனசுக்குள்தான் கேட்க வேண்டும். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ஆகட்டும், சிவப்பு என்றால் வேண்டாம். விவரம் தெரியாத பிள்ளை என்றதும் எல்லாரும் ஒருமிக்க என்னைப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கம்ப்யூட்டர் அத்தையுடையது, அதனால் அவள்தான் கேட்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அத்தை ஆத்தாள் சந்நிதியில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்குக் கால் கடுத்தது. கடைசியில் பூசாரி, "எடு கண்ணு" என்றார். எடுத்தேன், பிரித்தேன். சிவப்பு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கையாலேயே அத்தையை ராசிபுரத்துக்கு அனுப்பிவிட்டேனே! அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ்வளவுதான். ஆத்தாளே வேண்டாம்னுட்டா."

அத்தை கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. "ஆமாங்கண்ணா, வேண்டாம்னுட்டா! நான் மாத்தட்டுமான்னு கேக்கவே இல்லீங்க. பழசே இருக்கட்டுமா தாயேன்னுதான் கேட்டேன். வேண்டாம்னுட்டா!"

அப்பா வாயைப் பிளந்தார். இப்படியும் கேட்கலாமா என்று பூசாரியிடம் நியாயம் கேட்டார். "மனசுக்குள்ள கேட்டதுக்கு நான் எப்படிங்க சாட்சி சொல்றது? அது கேட்டவங்களுக்கும் ஆத்தாளுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பூசாரி மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ, "சரி அம்மிணி. ஆத்தா சொன்னபடியே ஆகட்டும்" என்றார்.

மறுநாளே வேலை தொடங்கியது. உள்ளே இருந்ததையெல்லாம் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மெக்கானிக் பழைய ஓ.எஸ்ஸை அழித்தார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்து பெட்டிக்குத் திருநீறு பூசினார். மெக்கானிக் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டார். பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. பாதியில் கரண்ட் போய், அடியிலிருந்த யு.பி.எஸ். கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. இப்போது நின்றால் போயே போச்சு என்றார் மெக்கானிக். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். அப்பா வெளியே ஓடிப்போய் மின்கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எந்தச் சாமி கேட்டதோ தெரியாது, கரண்ட் வந்தது.

சாயங்காலம் திரை பளிச்சென்று எழுந்தது. அத்தை அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தது! பக்கத்து வீட்டுப் பெரியவரின் வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டாள். போனது! பிரிண்டர் கரகரவென்று ரசீதை நீட்டியது. அத்தை போட்ட கூச்சலில் கோழிகளெல்லாம் கூரைக்கு ஏறின. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசலில் பெட்டி பிழைக்குமா என்று பார்க்கக் கூடியிருந்த ஊர் கை தட்டியது. அப்பாவும் தட்டினார், அவர்தான் எல்லாவற்றையும் செய்து முடித்தவர் மாதிரி.

ஆடி கழிந்தது. ராசிபுரத்திலிருந்து ஜீப் வந்தது. மாமாவும், அதாவது அத்தையின் வீட்டுக்காரரும், அவருடைய அப்பாவும் இறங்கினார்கள். முன்னறையில் ஆட்கள் காகிதத்தோடு வாசல் வரைக்கும் நின்றிருந்தார்கள். அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாமா, பெண்ணைக் கிளம்பச் சொல்லுங்கள் என்றார்.

ஊர் வாய்க்குப் பயந்த என் அப்பா, ஊரே பார்த்துக்கொண்டிருக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆத்தாகிட்டப் பூ கேட்டாச்சுங்க. பழசு வேண்டாம்னுட்டாளுங்க."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கீழே இருப்பவருக்கு விஷயம் தெரியாதில்லையா? விவரம் தெரிந்தவள் நான்தானே சொல்ல வேண்டும்? முன்னால் போய் நின்று விளக்கினேன். "அத்தை புதுசுக்கு மாறிருச்சுங்க மாமா! அருமையாப் போகுது. பழசாட்டம் அடிக்கடி மக்கர் பண்றதில்லீங்க!"

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவருடைய அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். வண்டி உறுமிக்கொண்டு வளைவில் மறைந்ததும் வரிசையில் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அத்தை மேஜையில் தலை கவிழ்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியாமல் குலுங்கினாள். அப்பா என் தலையில் கை வைத்து, "என்ற சாமி" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா வாய் வைக்காமல் விட்டுப்போன காப்பியை எடுத்துக் குடித்துக்கொண்டே, ஒரு கம்ப்யூட்டருக்குப் போய் மனுஷனுக்கு இவ்வளவு கோபம் வருமா என்று யோசித்தேன்.