நான் போட்ட முடிச்சு

கள்ளக்குறிச்சியில் நாங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையிலிருந்து பிழைக்க வந்து எங்கள் தெருவில் குடியிருந்த சடையன் தானாகவே முன்வந்து கொடியைக் கட்டினார். உள்ளே சாமந்தி இதழ்களை வைத்து மடித்து, கயிற்றைச் சுண்டினால் அவிழும்படி கட்டிவிட்டு, சட்டை மாற்ற வீட்டுக்குப் போனார்.

காற்று பலமாக அடித்தது. கொடி முன்னதாகவே அவிழ்ந்துவிடும் என்று பயந்து, நான் அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

எல்லோரும் அண்ணாந்து நிற்க, தெருச் சங்கத் தலைவர் கொடியை உச்சிக்கு ஏற்றிக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். அவிழவில்லை. மறுபடியும் இழுத்தார். செல்போனில் படம் எடுத்தவர்கள் சிரித்தார்கள்.

"மலையிலேர்ந்து வந்தவனுக்கு இன்னா தெரியும்னு இவன்கிட்ட குடுத்தீங்க?" என்று தலைவர் கத்தினார்.

சடையன் கொடியை இறக்கிப் பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சி இல்லீங்க."

யாரும் காதில் வாங்கவில்லை. நான் மிட்டாய்ப் பெட்டியைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன். அவரே மறுபடி கட்டிக்கொடுக்க, கொடி விரிந்தது.

பிறகு மிட்டாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்க முடிச்சி போட்டத எம் பொஞ்சாதி பாத்துக்கினுதாங்க இருந்தா. நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன்."

அதன்பின் அவர் கொடியேற்றத்துக்கு வருவதில்லை. கொடி கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கட்டிய மாதிரியேதான் கட்டுகிறேன். ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. பூ உதிரும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.