காதல் கதையில் கக்கூஸா?

பச்சை மையைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே பச்சை மையால் ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் கொட்டை எழுத்தில், ‘காதல் கதையில் கக்கூஸா?’ போட்டவர் எங்கள் ஆசிரியர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒரு குடும்ப நாவல் வெளியிட்டுவந்தவர். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம், பெருங்களத்தூர். என் நாயகி இரண்டு பைகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகர்ந்தால்தானே பஸ் வரும்? மதியத்திலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அங்கே நின்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்த அவஸ்தையைச் சொல்வாள். அவள் ஆபீசிலேயே வேலை பார்க்கிற ஒருவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். ஒன்றும் கேட்காமல் எங்கோ போகிறான். திரும்பி வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: “அந்த ஓட்டல் மாடியில பாத்ரூம் இருக்குங்க. சுத்தமா இருக்கான்னு பாத்துட்டேன். கல்லாவுல சொல்லி வெச்சிருக்கேன். பையை நான் பாத்துக்கறேன், நிதானமா போயிட்டு வாங்க. பஸ் போனா போகட்டும்.” அவள் போய்விட்டு மாடிப்படி இறங்கும்போதே இவனைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

அதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. அந்த ஆள் இதோ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் காட்சியை எடுக்க முடியாது என்று அன்றைக்கே ஆசிரியரிடம் சொன்னேன். “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். நம்பினேன். புத்தகம் வந்ததும் ஆசை ஆசையாகப் பிரித்தால், அடப்பாவி மனுஷா! என் பாத்ரூமைக் காணோம். அந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டில் வேறு ஒருவனோடு சிரித்துப் பேசியதற்காக நாயகன் நாயகியைப் பளாரென்று அறைகிறான். ‘என்மேல் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறானே’ என்று அவள் கண் கலங்கி அவன் மார்பில் சாய்கிறாள். அட்டையில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

அந்தப் புத்தகத்தோடு மாடியேறிப் போனேன். ஆசிரியர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வழக்கம். வீட்டுக்குப் போன் போட்டு, “மாத்திரை போட்டியா? கால் வீக்கம் எப்படி இருக்கு?” என்று மனைவியை விசாரித்த பிறகுதான் டிபன் கேரியரைத் திறப்பார். அவர் போனை வைக்கும்வரை நின்றேன். பிறகு கேட்டேன்: “சார், மேடத்தை நீங்க ஒரு நாளாவது அடிச்சிருக்கீங்களா?”

“சீ! என்ன பேச்சும்மா இது?”

“அப்புறம் இது என்ன சார்?”

“அது வாழ்க்கை, இது கதை. கதையில காதல்னா ஒரு வேகம் வேணும்மா. பாத்ரூமைக் காட்டினா எவ படிப்பா?”

இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அன்பே தெரியாத மனிதர் செய்தால் போகிறது என்று விடலாம். இவருக்கு அன்பு என்றால் என்னவென்று தெரியும், மனைவி கால் வீங்கினால் இவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கால் வீக்கத்தை ஒரே ஒரு கதையில் வைத்திருந்தால் அச்சு இயந்திரம் உடைந்தா போயிருக்கும்? ஒருவரையொருவர் எதற்காகக் கவனிக்கிறார்கள் என்று காட்டினால்தான் வாசகர் அந்தக் காதலை நம்புவார். நல்லதையெல்லாம் வீட்டுக்கு வைத்துக்கொண்டு ஊருக்கு அடியை விற்றார் அந்த மனிதர்.

விற்றதை வாங்கியவர்களில் ஒருத்தி, மாடம்பாக்கத்தில் எனக்கு ரவிக்கை தைக்கிற பெண். அந்த மாதம் துணி கொடுக்கப் போனபோது அவளுக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. மெஷின்மேல் என் நாவல். “கரெக்டா எழுதிக்கீறக்கா. அடிக்கிற கைதான் அணைக்கும், எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்லும்” என்று சிரித்தாள். “அது நான் எழுதினது இல்லம்மா” என்றேன். அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். “பேரு உன்துதானேக்கா போட்டுக்கீது?” நான் என்ன சொன்னாலும் அந்த அட்டை முன்னால் எடுபடவில்லை.

போன வாரம் ஆசிரியரின் மகன் போன் செய்தார். பழைய நாவல்களை ஒலிநாவலாகப் போடுகிறாராம். “அந்த அறையற சீன்தான் மேடம் ஹைலைட். டீசரே அதான்” என்றார்.

“அதை எடுத்துட்டு நான் எழுதினதை வைக்கிறதா இருந்தா தரேன். இல்லேன்னா என் நாவலே கிடையாது.”

“நீங்க என்ன எழுதியிருந்தீங்க மேடம்?”

சொன்னேன். “பாத்ரூமா மேடம்? ஆடியன்ஸ் ஏத்துக்குவாங்களா?” அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது! ஆனால் கடைசியில், புத்தகத்தைத் திருத்தி அனுப்புங்கள் என்றார். அன்றைக்கும் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்த என் கணவர்தான் முனகினார்: “அந்தக் கதையை ஊருக்கெல்லாம் எதுக்கு இப்ப? மானம் போவுது.” காது வரை சிவந்திருந்தது.

தையற்காரப் பெண் இப்போது புத்தகம் படிப்பதில்லை. காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்டபடியே தைக்கிறாள். அந்த வூட்டுக்காரர் இன்னும் அதே வூட்டில்தான் இருக்கிறார்.

நேற்று கேம்ப் ரோடு கடையில் பச்சை மைப் பேனா ஒன்று வாங்கினேன். அந்த நாவலைப் பிரித்து, அறை விழுகிற பக்கத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘காதல் கதையில் அடியா?’