கராஜுக்குள் ஒரு நாசகாரி

தகனினி என்ற புறநகரில் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. சோபாவுக்கு மேலே வெறுமையாகக் கிடந்த சுவருக்கு ஏதாவது படம் வாங்கி வருகிறேன் என்று ஒடாஹுஹுவில் உள்ள பழைய சாமான் கடைக்குப் போன என் மனைவி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கப்பல் வரைபடத்தோடு திரும்பி வந்தாள்.

அவள் ஈப்போவில் பிறந்தவள். கட்டடங்களின் இரும்புச் சட்டகங்களை வரைந்து கொடுப்பது அவள் வேலை. பூக்களையும் மலைகளையும்விட ஒரு நல்ல நேர்கோடு அவளுக்குப் பிடிக்கும்.

“கோட்டைப் பாருங்களேன். எல்லாம் கையால வரைஞ்சது லா. ஒரு இடத்துலகூட நடுங்கல.”

“இது என்ன கப்பல்?”

“டெஸ்ட்ராயர். பிரிட்டிஷ்காரன் ஆரம்பத்துல கட்டினதுல ஒண்ணு. தமிழ்ல நாசகாரின்னு சொல்றாங்க.”

“இதைச் சுவரிலை மாட்டாதையும்,” என்றேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்தவன். கடலில் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தாலே அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார். மண் தலையில் உதிர உதிர, அடுத்த குண்டு எங்கே விழும் என்று கேட்டுக்கொண்டு கிடப்போம். அதை அன்றைக்கு நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. படத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய்விட்டாள். சில நாள் கழித்து நானாகச் சொன்னபோது, கையிலிருந்த தேநீர் ஆறும்வரை கேட்டாள்.

“சரி, அது கராஜ்லயே இருக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் வர வேணாம்.”

ஆனால் கப்பல் அவளை விடவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்து மாதிரிக் கப்பல் ஒன்று கட்டத் தொடங்கினாள். எங்கள் சாப்பாட்டு மேசையின் நீளம். அதற்காகக் காரை வெளியே விட்டதால், அந்தக் குளிர்காலம் முழுக்க நான் விடியலில் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் மனுரேவா கிடங்குக்கு வேலைக்குப் போனேன். முணுமுணுத்தேன். அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை கராஜிலிருந்து கூப்பிட்டாள். பசை காயும்வரை மரச்சட்டங்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

“கையை மட்டும் தாங்க. கப்பலைப் பாக்க வேணாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றேன். பசை காயக் காய அவள் அந்தக் கப்பலின் கதையைச் சொன்னாள்.

டார்பிடோ என்ற நீரடிக் குண்டை வீசும் சின்னப் படகுகளைத் துரத்திப் பிடிக்கத்தான் அதைக் கட்டினார்களாம். வேகம் ஒன்றுதான் குறி. அதனால் முருங்கைக்காய் மாதிரி நீளமாக, ஒடுக்கமாக, மெல்லிய தகட்டால் செய்தார்கள். அலை வழிந்து ஓடட்டும் என்று முன்பக்கத்தை ஆமை முதுகுபோல வளைத்தார்கள். அலை வழியவில்லை, மூக்கே அலைக்குள் புகுந்தது. மேலே நின்றவர்கள் எப்போதும் தொப்பல். அமைதியான கடலில், பொறுக்கியெடுத்த நிலக்கரியைப் போட்டு ஓட்டிக் காட்டிய வேகத்தை அப்புறம் அது எட்டவே இல்லையாம். வேகமாக ஓட்டினால் உடம்பு முழுக்க உதறுமாம்.

“எத்தினை பேரைச் சாகடிச்சது?” என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“நானும் தேடிப் பாத்தேன். இது எதையும் மூழ்கடிச்ச மாதிரி தெரியல. பாதி நாள் துறைமுகத்துல பயிற்சி, பாதி நாள் ரிப்பேர். முதல் உலக யுத்தம் வர்றப்ப கிழடாயிருச்சு. கரையோரமா காவல் சுத்திச்சு, சரக்குக் கப்பலுங்களுக்குத் துணைக்குப் போச்சு. யுத்தம் முடிஞ்சதும் பழைய இரும்புக்கு வித்துட்டாங்க.”

“அப்ப பேரிலை மட்டும்தான் நாசகாரி.”

“ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அக்கா உங்களைக் கோவக்காரர்னு சொன்ன மாதிரி.”

அதற்குப் பிறகு அவள் கூப்பிடாமலே போகத் தொடங்கினேன். எனக்குக் கப்பலைவிட அதன் அடியில் கரி அள்ளிப் போட்டவர்கள்மேல்தான் கரிசனம். “இவங்கள் எங்கை படுக்கிறது?” என்று கேட்டால், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவாள். அந்த இடுக்கில் ஈர உடுப்போடு எப்படித் தூங்கினார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே நிற்போம். நான்கு புகைபோக்கிகளையும் நான்தான் செய்தேன். உடம்புக்குக் கறுப்பு வர்ணத்தைக் கலக்கினாள். போர்க்கப்பல் சாம்பல் நிறம்தானே என்றதற்கு, “அது பின்னால வந்தது. நாம கட்டுறது அது இளசா இருந்தப்ப உள்ள கப்பலை,” என்றாள். அவள் அதை யாருக்காகத் தேடிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியும். தூரிகையை எடுத்துக்கொண்டேன்.

கட்டி முடிகிற நேரத்தில் முன்மேடை வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

“பீரங்கி எங்கை?”

“வேணாம்னு விட்டுட்டேன்.”

“இல்லை, வையும். அது இல்லாட்டி இது போர்க்கப்பல் இல்லை. நாங்கள் பொய்யா ஒண்டைக் கட்டின மாதிரி இருக்கும்.”

“நிஜமாவா?”

“ஓம்.”

பித்தளையில் தீக்குச்சி அளவுக்கு ஒன்றைக் கடைந்து தந்தாள். நான்தான் ஒட்டினேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சின்ன மோட்டார் ஒன்றைப் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலுள்ள குளத்தில் அதை மிதக்கவிட்டோம். ரிமோட் எங்கள் சின்ன மகள் கையில். முதலில் வாத்துகளுக்கு நடுவே கம்பீரமாகப் போனது. திரும்பும்போது காற்று எழும்பியது. சின்ன அலைதான். ஆமை முதுகு நேரே அதற்குள் புகுந்தது, மேலே தண்ணீர் ஏறியது.

“அம்மா! இட்ஸ் கோயிங் அண்டர்!” என்று மகள் கத்தினாள்.

என் மனைவியோ கைதட்டிக் குதித்தாள். “பாருங்க, பாருங்க! அப்படியே செய்யுது! அசல்ல செஞ்ச மாதிரியே செய்யுது!”

அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கப்பலின் பின்பக்கம் மேலே தூக்கிவிட்டது. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர், கீழே சேறு. போய்ச் சேரும்போது கடைசிப் புகைபோக்கி மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரண்டு கையாலும் வாரி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். என் சட்டை முழுக்கத் தண்ணீர் கொட்டியது. மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கிட்டே வந்து, என் தோளில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள்.

“எனக்கு ஒண்டுமில்லை. இதுக்குள்ளை தண்ணி பூந்திட்டுது, கெதியாக் கவிழ்த்துப் பிடியும்.”

வீட்டுக்கு வரும் வழியில், சாப்பிட இறைச்சிப் பை வாங்க, டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றில் நிறுத்தினோம். நனைந்த காற்சட்டையோடு நின்ற என்னைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “டாட் சேவ்ட் எ வார்ஷிப்,” என்று மகள் அவருக்கு விளக்கம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

கப்பலைக் காயவைத்து, மோட்டாரை மாற்றி, காற்றில்லாத ஒரு காலையாகப் பார்த்து மறுபடி போனோம். அன்றைக்கு மகள் ரிமோட்டை என்னிடம் தந்தாள். மெதுவாகவே ஓட்டினேன்.